கல்லூரியில் மேடைப்பேச்சுப் பாடம்: பயம் போகுமா, மார்க் போகுமா?

ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலூர் வந்து பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக மேடைப்பேச்சு இருக்கிறது. எடுத்தால் பயன் உண்டா, தமிழ் மீடியத்தில் படித்து, மேடை ஏறினாலே கை நடுங்குகிற ஒருவனுக்கு அது ஒத்துவருமா, பேச்சு என்பது பிறவியிலேயே வருவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: அறுபது பேர் முன்னால் அசிங்கப்பட்டு நிற்க வேண்டி வருமா? வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் 24 வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் 11 வருஷம் இந்தப் பாடத்தையும் எடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது தடுமாறி நிற்பீர்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் நடுக்கத்தால் வருவதில்லை. தயார் செய்கிற முறையால் வருகிறது. முறையை மாற்றிக்கொள்ளலாம், அதனால் பாடத்தை எடுங்கள் என்பதுதான் என் பதில்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியவை. அவைக்கு அஞ்சுவது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. வள்ளுவர் 133 அதிகாரங்களில் ஒன்றை முழுசாக இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். 73-வது, அவையஞ்சாமை. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாமல் பேசுகிறவர்தான் அரிது என்கிறது அதில் ஒரு குறள். பத்துக் குறள் எழுதும் அளவுக்கு அன்றைக்கே ஆட்களுக்குக் கை நடுங்கியிருக்கிறது. இந்தப் பயம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பும், வாயைத் திறந்த முதல் நிமிடத்திலும்தான் அது உச்சத்தில் இருக்கும். அப்புறம் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். இது தெரியாமல், ஐந்து நிமிடமும் இதே படபடப்புதான் என்று நினைத்து, முதல் நிமிடத்திலேயே ‘நன்றி வணக்கம்’ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுகிற பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன். இன்னும் அரை நிமிடம் நின்றிருந்தால் இறங்குகிற பக்கத்தையும் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, உள்ளே அடித்துக்கொள்வது வெளியே அப்படியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் இந்த விஷயத்தைப் பேசுவதற்கு முன்பே விளக்கிச் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சுதான் நன்றாக இருந்தது என்று கேட்டவர்களே மதிப்பிட்டார்கள். என் வகுப்பில் இதைச் சின்ன விளையாட்டாகச் செய்வேன். பேசி முடித்தவர் தன் பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். கேட்டவர்களும் எழுத வேண்டும். அவர் 9 போட்டிருப்பார், வகுப்பு 4, 5 என்று போட்டிருக்கும். சீட்டுகளைப் பிரித்துப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நடுக்கத்தை வெளியே காட்டிக்கொடுக்கிற ஒரே துரோகி கையில் பிடித்திருக்கிற ஏ4 தாள். விரல் கொஞ்சம் ஆடினால் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும், மேலே ஃபேன் வேறு சுற்றும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் ஐந்தாறு சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டியான அட்டை ஆடாது, செலவும் இல்லை.

ஐந்தாறு சொற்கள் மட்டும் என்றேன், காரணம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளின் பயத்தில் பாதி மனப்பாடத்தால் வருவது என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு ஏற்பட்ட எண்ணம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்தே இது தொடங்கிவிடுகிறது. தமிழாசிரியர் எழுதித் தருவார், பிள்ளை உருப்போட்டு ஒப்பிக்கும், பரிசாக டிபன் பாக்ஸ் கிடைக்கும். கல்லூரிக்கு வந்தும் அதே பழக்கம்தான். ஒரு மாணவர் ‘அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்’ என்று கம்பீரமாக ஆரம்பித்தார். இரண்டாம் பத்தியில் ஒரு சொல் நழுவியது. கண்ணை மூடினார், கூரையைப் பார்த்தார், பிறகு ‘அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்’ என்று மறுபடி முதலிலிருந்து கிளம்பினார். அதே இடத்தில் வந்து மறுபடி நின்றார். மூன்றாவது வணக்கத்துக்கு வகுப்பே எழுந்து பதில் வணக்கம் போட்டது. அவருக்கு ஞாபக சக்தி குறைவில்லை. உருப்போட்டது எழுத்துத் தமிழ். அந்தத் தமிழில் நம்மில் யாரும் யோசிப்பதில்லை, சண்டை போடுவதில்லை, பஸ்ஸில் சில்லறை கேட்பதில்லை. அதனால் ஒரு கண்ணி அறுந்தால் சொந்தமாக அடுத்த வாக்கியத்தைக் கட்ட வராது, திரும்ப ஆரம்பத்துக்குத்தான் ஓட வேண்டும். (இப்போது செல்போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவே பேச்சை எழுதித் தருகிறது. ஒரே காலையில் நான்கு பேர் ஒரே முன்னுரையோடு வந்து நின்றதையும் பார்த்தாயிற்று.)

அப்படியானால் எந்தத் தமிழில் பேசுவது? வட ஆர்க்காட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் கூச்சம் உண்டு. ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துக்கினு’ என்று வீட்டில் பேசுவதைச் சினிமாவில் கேலி செய்தே பழக்கிவிட்டார்கள். அதற்குப் பயந்து எதிர் முனைக்கு, மேடைச் செந்தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழ் எல்லாரிடமும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், பேங்கிலோ தாலுக்கா ஆபீஸிலோ, மரியாதையாக விஷயத்தைச் சொல்லும்போது தானாக வாயில் வருமே, அது. இலக்கணமாகவும் இருக்காது, கொச்சையாகவும் இருக்காது. அதில் பேசினால் ஒரு சொல் மறந்தாலும் இன்னொரு சொல் கைகொடுக்கும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யலாம், செய்யவும் வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கிற முதல் நிமிடத்தை அந்த இரண்டு வாக்கியம் கடத்திவிடும். நடுவில் இருப்பதற்கு அட்டையில் உள்ள சொற்கள் போதும்.

பிறவித் திறமை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் காலேஜிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் காட்பாடியை ஒட்டிக் காங்கேயநல்லூர். கிருபானந்த வாரியார் 1906-ல் பிறந்த ஊர். 64-வது நாயன்மார் என்றே ஜனங்கள் கொண்டாடிய சொற்பொழிவாளர், 1993-ல் மறைந்தார். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய் அவர் கதை கேட்டிருக்கிறேன். புராணத்தை வரிசையாக ஒப்பித்துக்கொண்டு போகமாட்டார். நடுவில் நிறுத்தி, முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிற பையன்களைப் பார்த்து ஏதாவது கேட்பார். பதில் சரியோ தப்போ, அதிலிருந்தே அடுத்த விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள்கூட நிமிர்ந்துவிடுவார்கள். அவருக்குப் பிறவியிலேயே ஏதோ இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தமிழும் இசையும் அப்பாவிடமே பாடம் கேட்டு, பாட்டுகளைப் பாடிப் பாடி நாக்கில் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவர் அவர். வாரியார் அளவுக்குப் பேசப் பிறவித் திறமை வேண்டும் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம், கேட்கிறவர் எரிச்சல்படாமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அது தேவையில்லை. இந்தப் பாடம் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான்.

சில வருஷத்துக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். முதல் பேச்சு பெண் கல்வி பற்றி. 40 விநாடியில் நின்றுபோய் அழுதுவிட்டார். இரண்டாவது பேச்சுக்குத் தலைப்பு கேட்டு வந்தபோது வீட்டில் என்ன வேலை என்று விசாரித்தேன். அம்மா பீடி சுற்றுகிறார், லீவு நாளில் இவரும் சுற்றுவார் என்றார். அதையே சொல்லுங்கள் என்றேன். ‘அதைப் போயா சார்’ என்றார். அன்றைக்கு வந்து நின்றபோது கை முன்போலவே நடுங்கியது. இலையைத் தண்ணீரில் ஊறவைப்பதைச் சொன்னார். தகர அச்சை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவதைச் சொல்லும்போது வலது கை தானாகக் கத்தரிக்க ஆரம்பித்தது. மடியில் முறம் இருப்பதுபோல இடது கை தாழ்ந்தது. தூளை அள்ளி வைத்து, சுருட்டி, முனையை மடித்து, நூலைக் கட்டி விரலால் சுண்டி அறுக்கிற வரைக்கும் அந்த இரண்டு கையும் ஒரு கணம்கூட ஆடவில்லை, அவற்றுக்கு வேலை இருந்தது. 25 பீடி ஒரு கட்டு, அப்படி நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம் என்று சொல்லிவிட்டு, ‘ஆயிரம் பீடி சுத்தின அன்னைக்கு அம்மாவால சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட முடியாது, ஸ்பூன் கேக்கும்’ என்றார். வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கையை எங்கே வைப்பது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருவார். கைக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசினால் அந்தக் கேள்வியே வராது.

பாடத்தால் பயன் உண்டா என்பதற்கு ஒரு கணக்கு. வாரம் 3 மணி, 15 வாரம் என்றால் 45 மணி நேரம், அதாவது 2700 நிமிடம். 60 பேர் வகுப்பில் ஆசிரியர் வாயையே திறக்காமல் இருந்தாலும் ஆளுக்கு 45 நிமிடம்தான். நாங்களோ வாயைத் திறக்காமல் இருக்கிற ஜாதி இல்லை. நடைமுறையில் உங்களுக்கு ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று பேச்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். உத்திகளைச் சொல்லிக்கொடுக்கிற வீடியோ செல்போனில் கொட்டிக்கிடக்கிறது, அதற்காகக் காலேஜ் வேண்டாம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற 60 பேர் செல்போனில் கிடைக்கமாட்டார்கள். பாடம் தருகிற அரிய பொருள் அவர்கள்தான். மற்ற 59 பேர் மூன்று தடவை பேசினால் 177 பேச்சு கேட்பீர்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கவனம் எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் போனது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பாடப் புத்தகத்தைவிடவும் அதுவே எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

15 நிமிடம் போதாது என்பதால் வெளியிலும் மேடை தேட வேண்டியிருக்கும். கல்லூரி விழாவில் வரவேற்புரைக்கு அடிதடி நடக்கும், நன்றியுரைக்கு ஆள் கிடைக்காது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மாணவனாக இருந்தபோது என் முதல் நன்றியுரையில் சிறப்பு விருந்தினருக்குப் பதில் போன வருஷத்து விருந்தினர் பெயரைச் சொல்லி உருகி உருகி நன்றி தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். ஒரு வாரம் என்னை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். இன்னொரு நல்ல இடம் உங்கள் ஊர்ப் பக்கத்து ஊராட்சியின் கிராம சபை. இப்போது தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்திருக்கின்றன. எழுந்து நின்று, தெரு விளக்கு பற்றியாவது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பரிசுக்குப் பேசுவதற்கும் காரியத்துக்குப் பேசுவதற்கும் குரலே வேறாக இருப்பது அங்கே தெரியும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் முறையையும் செய்து பார்க்கலாம். 1924-ல் கலிபோர்னியாவில் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. தயார் செய்யாத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசுவது, பேசியவுடன் இன்னொருவர் குறைநிறை சொல்வது, ‘வந்து... வந்து...’ என்று இழுப்பதை ஒருவர் எண்ணுவது, இவ்வளவுதான். சாயங்காலம் கோட்டைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்து செய்தால் மெம்பர்ஷிப் ஃபீஸும் மிச்சம்.

இனி, நான் அவ்வளவாக நம்பாதவை. தகவல்தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு போடுவார்கள். அது 1967-ல் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் சொல்லி, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு அந்தக் கணக்கைப் போடக்கூடாது. நிஜமாகவே சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால் தெலுங்குப் பேச்சு நமக்கு 93 சதவீதம் புரிய வேண்டுமே. பேசுவதற்கு முன் இரண்டு நிமிடம் உடம்பை விரித்து வீரன்போல நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. 2015-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. நின்றால் தப்பில்லை, கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். ‘பயமாக இருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று தனக்கே சொல்லிக்கொள்வது உதவுவதாக ஹார்வர்டில் 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. என் மாணவர்களில் சிலருக்குப் பலித்தது, சிலருக்குச் சிரிப்பு வந்தது. பாடம் முடித்தவர்கள் பயம் குறைந்து போவதை வருஷாவருஷம் பார்க்கிறேன். ஆனால் விரும்பி எடுத்தவர்களைத்தான் நான் பார்க்கிறேன், பயந்து ஒதுங்கியவர்கள் என் வகுப்புக்கே வருவதில்லை. என் அனுபவத்தை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா, மார்க் எப்படி என்பதை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள், சீனியரிடம் கேட்காதீர்கள். ஆங்கிலம்தான் என்றால் அதே பேச்சை முதலில் தமிழில் இரண்டு தடவை பேசிவிட்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாகப் பேசிப் பாருங்கள். தமிழில் எழுதியதை வரிவரியாக ஆங்கிலத்துக்கு மாற்றினால் மறுபடி மனப்பாடத்தில்தான் போய் விழுவீர்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் 600, 650 சொல் தாராளம். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 450, 500-லேயே நேரம் முடிந்துவிடும்.

நான் மருத்துவன் இல்லை. உங்களுக்குச் சாதாரணப் பேச்சிலேயே திக்குவாய் இருந்தால், அல்லது பேச வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய் வாந்தி வருகிற அளவுக்கு இருந்தால், அது என் பாடத்துக்குள் அடங்காது. திக்குவாய்க்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் சிஎம்சி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். பயத்துக்கு மனநல ஆலோசகர் உண்டு. படபடப்பைக் குறைக்க நண்பன் கொடுத்தான் என்று இதய மாத்திரை போட்டுக்கொள்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த வகை மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும்.

பெயர் கொடுக்கச் சொன்னால் முதல் நாளே, முதல் ஆளாகக் கொடுங்கள். காத்திருக்கிற நேரத்தில்தான் பயம் ஏறும் என்று மேலே சொன்னேன், முதல் ஆளுக்குக் காத்திருப்பே கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க முன்னால் பேசியவரும் கிடையாது. தலைப்புக்கு எங்கேயும் போக வேண்டாம். ஒடுகத்தூர் பஸ்ஸில் காலையில் இடம் பிடிப்பது எப்படி என்று பேசுங்கள், அதில் உங்களைவிட விஷயம் தெரிந்தவர் அந்த அறையில் இருக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் ஒரு பஸ் முன்னதாக வந்து, காலியாக இருக்கிற வகுப்பறையில் ஃபேனைப் போட்டுவிட்டு, ஒரு நண்பரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து முதல் இரண்டு வாக்கியத்தைப் பேசிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.